எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் கம்ப்யூட்டர் மாற்றும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் மோட்டார் கன்ட்ரோலர்களும் நூற்பாலை இயந்திரங்களுக்கான கன்ட்ரோல் போர்டுகளும் வடிவமைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே நண்பர்களும் புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகளும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன்.

மற்றவர்கள் ஒரே மாலையில் புது லேப்டாப்புக்கு மாறிவிடுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் வாரக்கணக்கில் இழுக்கிறது?

கணக்கு எழுதுபவருக்குக் கோப்பும் அதைத் திறக்க ஒரு மென்பொருளும் இருந்தால் வேலை ஓடும். நமக்கு ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் வரைபடம்), பிசிபி லேஅவுட் (போர்டின் வரைபடம்), சிமுலேஷன், கம்பைலர் (எழுதிய ப்ரோகிராமைச் சிப்புக்கான கோடாக மாற்றும் மென்பொருள்), ப்ரோகிராமர் (அதைச் சிப்புக்குள் இறக்கும் கருவி), அதற்கான டிரைவர், சீரியல் போர்ட், லாஜிக் அனலைசர் (சிக்னல்களைப் பிடித்துக் காட்டும் கருவி) என்று எல்லாமே வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் போர்டுக்குள் ப்ரோகிராம் இறங்காது.

ஆயுளும் ஒரு காரணம். ஒரு லேப்டாப் ஐந்தாறு ஆண்டு உழைத்தால் நமக்குத் திருப்தி. ஆனால் நாங்கள் 2008-இல் கொடுத்த போர்டுகள் சில மில்களில் இன்றும் ஓடுகின்றன. அதில் ஒன்று பழுதாகி வந்தால் அன்றைய கம்பைலரும் அன்றைய ப்ரோகிராமரும் வேண்டும். இயந்திரம் நின்று ஆள்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மில்காரரிடம் போய் "அந்த சாஃப்ட்வேர் இப்போது ஓடாதுங்க" என்று சொல்ல முடியுமா? இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாமே அந்த மில்காரரை மனதில் வைத்துத்தான்.

என் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏன் ஏற மறுக்கிறது?

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும், தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். ப்ராசஸரும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை முதல் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் 2016-இல் நிறைய செலவழித்து வாங்கிய வலுவான டெஸ்க்டாப் தகுதி பெறாமல், 2019-இல் வாங்கிய சாதாரண லேப்டாப் தகுதி பெறுகிறது. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங் திரை) போய்ப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் டி.பி.எம். இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டுகளில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர் இருக்கும். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் உண்டு. நிறுவனங்கள் பணம் கட்டினால் மூன்று ஆண்டு வரை வாங்கலாம். பட்டியலில் இல்லாத ப்ராசஸரில் குறுக்குவழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றும் முறைகளும் இருக்கின்றன. வாடிக்கையாளர் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். பின்னால் ஒரு அப்டேட் வராமல் போனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

லேஅவுட் மென்பொருளில் இழுப்பது, வரைவது போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகின்றன. அதனால் 16 கோர் என்ற விளம்பரத்தைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே அமைக்கும் சிப்) வேலை இல்லாவிட்டால் 16 ஜிபி ராம் போதும். அதற்கான விவாடோ போன்ற மென்பொருள்களில் பெரிய சிப்புக்கு வடிவமைத்தால் 32 அல்லது 64 ஜிபி வேண்டும். எஸ்.எஸ்.டி. குறைந்தது 1 டிபி. விவாடோவின் ஒரு வெர்ஷனே 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும்.

லேப்டாப் வாங்குபவர்கள் ஒன்றில் உறுதியாக இருங்கள்: ஆர்ம் ப்ராசஸர் உள்ள விண்டோஸ் லேப்டாப் நம் வேலைக்கு இப்போது வேண்டாம். பேட்டரி நன்றாக நிற்கும், சாதாரண மென்பொருள்களும் எமுலேஷனில் (வேறு ப்ராசஸரைப் போல நடித்து) ஓடும். ஆனால் கெர்னல் மட்டத்து டிரைவரை எமுலேஷனில் ஓட்ட முடியாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். பழைய ப்ரோகிராமருக்கும் டாங்கிளுக்கும் (லைசென்ஸைத் தாங்கும் சிறு சாவிக் கருவி) யாரும் அப்படி எழுதித் தரப்போவதில்லை.

மதர்போர்டு மாற்றியதும் லைசென்ஸ் போய்விட்டது. ஏன்?

இது எனக்கே நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டெஸ்க்டாப்பின் மதர்போர்டு வாரன்டியில் மாற்றப்பட்டு வந்தது. திங்கட்கிழமை ஒரு போர்டின் கெர்பர் கோப்புகள் (போர்டு தயாரிப்பவருக்கு அனுப்பும் வரைபடக் கோப்புகள்) ஃபேப்ரிகேஷனுக்குப் போக வேண்டும். லேஅவுட் மென்பொருளைத் திறந்தால், லைசென்ஸ் இந்த இயந்திரத்துக்கு உரியதல்ல என்று நின்றுவிட்டது. நாங்கள் வாங்கியது நிரந்தர லைசென்ஸ். ஆனால் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றித் தர வேண்டுமென்றால் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும் என்றார் விற்பனையாளர். எங்கள் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிந்திருந்தது. பணம் கட்டி, கடிதம் எழுதி, புது லைசென்ஸ் கோப்பு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் சொந்த வடிவமைப்பையே திறந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

காரணம் இதுதான். இந்த மாதிரி மென்பொருள்களில் பலவும் பல காலமாக ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற லைசென்ஸ் முறையைப் பயன்படுத்துகின்றன. லைசென்ஸ் கோப்பு கம்ப்யூட்டரின் ஏதாவது ஒரு அடையாளத்தோடு கட்டப்பட்டிருக்கும்: நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்ணான மேக் முகவரி, ஹார்டு டிஸ்க் வால்யூமின் சீரியல் எண், அல்லது ஒரு யு.எஸ்.பி. டாங்கிள். மதர்போர்டு மாறினால் அதிலேயே இருக்கும் நெட்வொர்க் சிப்பும் மாறுகிறது, மேக் முகவரியும் மாறுகிறது. டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் வால்யூம் எண் மாறும். புது லேப்டாப்புகள் பலவற்றில் கேபிள் நெட்வொர்க் போர்ட்டே இல்லை. அப்போது மென்பொருள் வைஃபை முகவரியையோ, லேப்டாப்பில் செருகும் டாக்கின் முகவரியையோ பிடித்துக்கொள்ளும். டாக்கைக் கழற்றினால் லைசென்ஸும் கழன்றுவிடும். வைஃபையில் 'ரேண்டம் ஹார்டுவேர் முகவரி' என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நம்ப முடியாது.

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு லைசென்ஸும் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று எழுதி வைக்கிறோம். டீஆக்டிவேட் வசதி இருந்தால் ஃபார்மட்டுக்கு முன் அதைச் செய்கிறோம். விற்பனையாளர் யு.எஸ்.பி. டாங்கிளில் லைசென்ஸ் தருவதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே வாங்குகிறோம், கம்ப்யூட்டர் போனாலும் டாங்கிள் மிஞ்சும். வாங்கும் முன்பே "ஒப்பந்தம் முடிந்த பிறகு மெஷின் மாற்றித் தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

பழைய சிப்புகளுக்கான மென்பொருள் புது விண்டோஸில் ஓடவில்லை. என்ன வழி?

வலி அதிகமான இடம் இதுதான். மூன்று உதாரணம் தருகிறேன்.

ஸைலின்க்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்டன்-6 எஃப்.பி.ஜி.ஏ.வை விவாடோ ஆதரிப்பதில்லை. அதற்கு அவர்களின் பழைய மென்பொருளான ஐ.எஸ்.இ. தான் வேண்டும், அதன் கடைசி வெர்ஷன் 14.7 வந்தது 2013 அக்டோபரில். விண்டோஸ் 10-க்கு என்று பின்னால் அவர்களே கொடுத்தது உள்ளே லினக்ஸ் வைத்த ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்), அதுவும் ஸ்பார்டன்-6-க்கு மட்டும். கல்லூரி லேபுகளில் இன்னும் இருக்கும் ஸ்பார்டன்-3 கிட்டுக்கு அது உதவாது. விண்டோஸ் 7 அல்லது லினக்ஸில் முழு ஐ.எஸ்.இ. போட வேண்டும்.

சைக்ளோன் II என்ற எஃப்.பி.ஜி.ஏ. சிப்புக்கு, அதற்கான மென்பொருளான குவார்ட்டஸில் 13.0 சர்வீஸ் பேக் 1-தான் கடைசி. அதற்குப் புதியதைப் போட்டால் பட்டியலில் சிப்பின் பெயரே இருக்காது.

பிக் மைக்ரோகன்ட்ரோலருக்கு அசெம்ப்ளியில் எழுதிய பழைய ப்ரோகிராம்கள் எம்.பி.ஏ.எஸ்.எம். அசெம்ப்ளரை நம்பியிருக்கின்றன. பிக் சிப்புகளுக்கான எம்ப்ளாப் எக்ஸ் மென்பொருளின் 5.35 வெர்ஷன் வரைதான் அது சேர்ந்து வந்தது. 5.40 முதல் மென்பொருள் முழுக்க 64 பிட்டுக்கு மாறியதால் அசெம்ப்ளர் நீக்கப்பட்டது. பிக்கிட் 3 ப்ரோகிராமரும் 6.20 வெர்ஷனோடு முடிந்தது. ஆகவே "லேட்டஸ்ட் வெர்ஷனைப் போடு" என்ற அறிவுரை இங்கே செல்லாது. எந்தச் சிப், எந்த ப்ரோகிராமர் என்று பார்த்து அதற்கான வெர்ஷனைப் போட வேண்டும். எம்ப்ளாப் எக்ஸின் இரண்டு வெர்ஷன்களை ஒரே கம்ப்யூட்டரில் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை.

பொதுவான வழி என்றால் விர்ச்சுவல் மெஷின். பழைய கம்ப்யூட்டரை அப்படியே ஒரு டிஸ்க் கோப்பாக எடுக்க மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஎச்டி என்ற சிறிய இலவசக் கருவி இருக்கிறது. அந்தக் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸிலோ விஎம்வேரிலோ ஏற்றலாம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் நிறுவனங்களுக்கும் இலவசம். ப்ரோகிராமரைச் செருகியதும் அதை விர்ச்சுவல் மெஷினுக்குள் அனுப்பி வைக்க வேண்டும். சில ப்ரோகிராமர்கள் செருகும்போது ஒரு அடையாள எண்ணைக் காட்டி, ஃபர்ம்வேர் ஏறியதும் வேறு எண்ணுக்கு மாறும். மாறிய கணமே விர்ச்சுவல் மெஷினின் பிடியிலிருந்து நழுவிவிடும். இரண்டு எண்களுக்கும் யு.எஸ்.பி. ஃபில்டர் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

பேரலல் போர்ட்டில் ஓடும் ப்ரோகிராமர் வைத்திருக்கிறேன். யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வாங்கினால் ஓடுமா?

ஓடாது. அந்தக் கன்வெர்ட்டர்கள் பிரின்டருக்கானவை. நம் ப்ரோகிராமர்கள் போர்ட்டின் பின்களை ஒவ்வொன்றாக நேரடியாக ஆட்டுகின்றன, அதற்குக் கன்வெர்ட்டரில் வழி இல்லை. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு போட்டால் பின்கள் கிடைக்கும், ஆனால் போர்ட் முகவரி வழக்கமான 378-ஆக இருக்காது. மென்பொருளில் முகவரியை மாற்ற இடம் இருந்தால் மட்டும் பயன்படும். பழைய 16 பிட் டாஸ் மென்பொருள் என்றால் 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-இல் 32 பிட் வெர்ஷன் என்று ஒன்று கிடையாது.

யு.எஸ்.பி. சீரியல் கேபிள் பழைய கம்ப்யூட்டரில் ஓடியது, புதியதில் 'கோட் 10' என்கிறது.

உள்ளே இருப்பது பெரும்பாலும் யு.எஸ்.பி.யைச் சீரியலாக மாற்றும் பி.எல்.2303 சிப்பின் பழைய வகையாகவோ அதன் போலியாகவோ இருக்கும். புது டிரைவர் அந்த வகையை வேண்டுமென்றே மறுக்கிறது. டிவைஸ் மேனேஜரில் '2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஒரு வரியையே காட்டும். பழைய டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் போட்டால் ஓடும், அடுத்த விண்டோஸ் அப்டேட் மறுபடியும் புதியதைக் கொண்டுவந்து வைக்கும்.

இதே வேலையைச் செய்யும் எஃப்.டி.டி.ஐ. சிப்புக்கும் ஒரு கதை உண்டு. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த டிரைவர், போலிச் சிப் என்று கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் அந்தக் கேபிளை அடையாளம் காணவில்லை. போலி என்று தெரியாமல் வாங்கிய எத்தனையோ இன்ஜினியர்கள் கோளாறு தங்கள் போர்டில் என்று நினைத்து மணிக்கணக்கில் தேடினார்கள். சர்வீஸுக்குப் போகும் பையில் இரண்டு வெவ்வேறு சிப் கேபிள்களை வையுங்கள். ஒன்று முரண்டு பிடித்தால் கோளாறு கேபிளிலா போர்டிலா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஈகிள் என்ற பிசிபி மென்பொருளில் பத்தாண்டு வேலை இருக்கிறது. கைகேடுக்கு மாறலாமா?

மாறலாம். 1988-இல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் தொடங்கிய ஈகிளை 2016-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. அடுத்த ஆண்டே சந்தா முறைக்கு மாற்றியது. 2026 ஜூன் 7-உடன் முடித்துக்கொள்வதாக 2023-இல் அறிவித்தது. ஒரு நிறுவனத்தின் தீர்மானத்தால் நம் சொந்த வரைபடங்கள் எட்டாமல் போவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். நான் கைகேடுக்கு வந்ததும் அதனால்தான். 1992-இல் பிரான்ஸில் ஜான்-பியர் ஷரா தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு, ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் ஆள்பலம் கொடுத்தது. இதில் சேமிக்கும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. மென்பொருளே இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

ஈகிள் 6-க்கு முந்திய கோப்புகள் பைனரி வடிவத்தில் இருக்கும். ஈகிள் ஓடும்போதே அவற்றை ஒருமுறை புது வெர்ஷனில் திறந்து சேமித்துவிடுங்கள். கைகேடில் இறக்கிய பிறகு காப்பர் போர் பகுதிகளை (செம்பால் நிரப்பிய பரப்புகள்) கண்ணால் பாருங்கள். எது மேலே எது கீழே என்ற முன்னுரிமை சில சமயம் மாறி வரும். பவர் பின்கள் சரியான நெட்டில் (மின் இணைப்பில்) இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய கெர்பரையும் புது கெர்பரையும் வ்யூவரில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடாமல் போர்டுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ப்ராஜெக்ட் நடுவில் புது வெர்ஷன் வந்தால்?

தொடாதீர்கள். கைகேட் 9-இல் சேமித்த கோப்பை 8-இல் திறக்க முடியாது. குழுவில் ஒருவர் அப்டேட் செய்தால் எல்லோரும் செய்ய வேண்டிவரும். போர்டு ஃபேப்ரிகேஷனுக்குப் போன மறுநாள் எல்லோரும் சேர்ந்து மாறுங்கள்.

இன்ஸ்டால் சரியாகவே ஆனது, ஆனால் ப்ராஜெக்ட் ஓடவில்லை. பிழைச் செய்தியும் புரியவில்லை.

ஃபோல்டரின் பாதையைப் பாருங்கள். விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் கொடுத்திருந்தால் பல இன்ஜினியரிங் மென்பொருள்கள் அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் விழும். நம் மொழியில் பெயர் வைத்ததற்காக ஒரு கம்பைலர் விழுவது எனக்குக் கோபம்தான், இருந்தாலும் வேலை நடக்க வேண்டுமே. சில பழைய மென்பொருள்களுக்குப் பெயரில் இடைவெளி இருந்தாலே ஆகாது. விண்டோஸின் 260 எழுத்து எல்லையும் விவாடோ ப்ராஜெக்டுகளில் அடிக்கடி இடிக்கும். புது கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப் ஃபோல்டர் உங்களைக் கேட்காமலே ஒன்ட்ரைவுக்குள் போயிருக்கலாம், கம்பைல் ஆகும்போதே அது கோப்புகளைப் பிடித்துக்கொள்ளும். சி டிரைவின் வேரிலேயே ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் போட்டு வேலை செய்யுங்கள். ஆன்ட்டிவைரஸில் அந்த ஃபோல்டருக்கு விலக்குக் கொடுத்தால் கம்பைல் வேகமும் கூடும்.

பேசாமல் லினக்ஸுக்குப் போய்விடலாமா?

கைகேட், என்ஜிஸ்பைஸ் (சிமுலேஷன்), ஜி.சி.சி. (கம்பைலர்), ஓப்பன்ஓசிடி (சிப்புக்குள் ப்ரோகிராம் இறக்க), பல்ஸ்வ்யூ (லாஜிக் அனலைசருக்கு) எல்லாம் அங்கே நன்றாக ஓடுகின்றன. விவாடோவும் உபுன்டுவில் ஓடும். எல்.டி.ஸ்பைஸ் சிமுலேட்டரை, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டலாம். சீரியல் போர்ட் திறக்க மறுத்தால் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேருங்கள். ஆல்டியம் என்ற பிசிபி மென்பொருளும் சில ப்ரோகிராமர்களும் விண்டோஸை விட்டு வராது. வேலையில் பாதி அவற்றில் என்றால் இரண்டையும் வைத்திருக்க வேண்டியதுதான்.

புது கம்ப்யூட்டர் சரியாக அமைந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

எங்களிடம் ஒரே ஒரு சோதனைதான். வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு போர்டின் மூலக் கோப்புகளைப் புது கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, வரும் ஹெக்ஸ் கோப்பை (சிப்புக்குள் இறக்கும் கோப்பு) அன்று வெளியிட்ட ஹெக்ஸ் கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிடுவோம். ஒரே கம்பைலர் வெர்ஷன், ஒரே செட்டிங் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ப்ரோகிராமில் கம்பைல் தேதியை எழுதும் வரி இருந்தால் சில பைட்டுகள் மாறும், அதை முன்பே தெரிந்து வையுங்கள். வேறு எங்காவது மாறியிருந்தால் ஆப்டிமைசேஷன் அளவோ லைப்ரரி வெர்ஷனோ வேறு. ஆர்ம் சிப்புகளுக்கு ப்ரோகிராம் எழுதும் கெய்ல் எம்.டி.கே. மென்பொருளில் இது அடிக்கடி நடக்கும். 5.37 முதல் ஆர்ம் கம்பைலர் 5 அதோடு சேர்ந்து வருவதில்லை, ஆறாவது கம்பைலர் அதே ப்ரோகிராமிலிருந்து வேறு கோடு உருவாக்கும். கம்பைலருக்குத் தெரியாமல் வால்யூ மாறும் வேரியபிளுக்கு வாலடைல் என்ற குறிப்பைப் போட மறந்திருந்தால், ஐந்தில் ஓடியது ஆறில் நின்றுபோகும். தவறு நம்முடையதுதான், ஆனால் அது மில்லில் வெளிப்படக் கூடாது, மேசையில் வெளிப்பட வேண்டும்.

அப்புறம் அந்த ஹெக்ஸை உண்மையான போர்டில் இறக்கி மோட்டாரைச் சுற்ற விடுங்கள். சுற்றியபிறகுதான் புது கம்ப்யூட்டர் எங்களிடம் பதிவேட்டில் ஏறும்.

பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா?

குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள், ஆதரவு முடிந்த விண்டோஸ் இணையத்தில் இருக்க வேண்டாம். முழு டிஸ்க் இமேஜ் ஒன்றை எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இன்ஸ்டாலர் கோப்புகளையும் லைசென்ஸ் கோப்புகளையும் அதோடு சேருங்கள், நிறுவனங்கள் பழைய இன்ஸ்டாலரைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். ஒவ்வொரு ப்ராஜெக்ட் ஃபோல்டரிலும் ஸ்கீமேட்டிக்கின் பி.டி.எஃப்., கெர்பர், பாகங்களின் பட்டியல், ஹெக்ஸ், கம்பைலர் வெர்ஷன் எழுதிய ஒரு எழுத்துக் கோப்பு ஆகிய ஐந்தும் இருக்கட்டும். எந்த மென்பொருள் செத்தாலும் இந்த ஐந்தை வைத்து போர்டைத் திரும்பச் செய்துவிடலாம்.

மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் ஓடிப்போகும், சில லைசென்ஸ்கள் அதைக் கண்டதும் பூட்டிக்கொள்ளும். எங்கள் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஸ்டோர் ரூமில் துணி போர்த்தி இருக்கிறது. ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது அந்த பேட்டரியை அளந்து பார்ப்போம். 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அன்றே மாற்றிவிடுவோம்.